தண்ணீரில் தொடாதே

அத்தியாயம் 11

"செத்தது எஞ்சின்தானே சார், என்னமோ மந்திரி செத்த மாதிரி? ஊர்ல ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க."

பட்டாசு இவ்வாறு கேட்டபோது, நிதானம் பட்டறையின் இரும்புக் கதவைத் தோள்கொடுத்து நகர்த்திக்கொண்டிருந்தார். ஐந்து வாரமாக எவரும் திறக்காத கதவு அது. நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. பதற்றத்தோடு தம்மை நாடி வருபவர்களிடம் அவர் முதலில் சொல்லும் சொல் அதுவே. வந்தவர்கள் அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டனர். துப்பறியும் தொழிலில் அவருக்குத் துணையாயிருந்த பட்டாசு, எட்டாண்டுகள் பள்ளி வேன் ஓட்டியவள். நாற்பது குழந்தைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய அவளுடைய குரல், அந்த வேலையை விட்ட பின்னும் தணியவில்லை.

"நிதானம்," என்றார் நிதானம்.

"உங்களையே கூப்பிட்டுக்கிறீங்களா, இல்ல எனக்குச் சொல்றீங்களா?"

கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே அந்த வண்டி நின்றது. காட்டு வழிகளுக்கென்றே உயர்த்திக் கட்டப்பட்ட நான்கு சக்கர வண்டி. முன்புறம் தடித்த இரும்புக் காப்பு. எஞ்சினிலிருந்து வெளிப்பட்டு, கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை ஏறிய காற்றுக் குழாய். ஆற்றுச் சேறு அதன்மேல் காய்ந்து வெடித்து, சாம்பல் நிறத் தோலாகப் படிந்திருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு உள்நோக்கி நசுங்கியிருந்தது. அந்தப் பக்கம் பாராமலே, பட்டறைக்காரரான மெக்கானிக் பூட்டைத் திறந்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்தார்.

"பாத்துட்டுச் சீக்கிரம் கிளம்புங்க சார். நான்தான் ஒத்துக்கிட்டேனே," என்றார் அவர்.

ஆம், ஒப்புக்கொண்டிருந்தார். அதுவே ஊருக்குப் போதுமானதாயிருந்தது. இறந்தவரின் ஈரம் காயுமுன் உயிரோடிருப்பவரைப் புதைப்பதில் காட்டிய சுறுசுறுப்பை, உண்மையைத் தேடுவதில் ஒருவரும் காட்டவில்லை. காவலர் வந்தனர், தளர்ந்திருந்த ஓர் இணைப்பைப் படமெடுத்தனர், வண்டியை நிறுத்தத் தங்களிடம் இடமில்லை என்று குற்றவாளியின் பட்டறையிலேயே விட்டுச் சென்றனர். செய்தித்தாள் மூன்று நாள் எழுதிற்று. எழுதியவர்களுள் ஒருவரேனும் இந்தக் கதவைத் தள்ளிப் பார்த்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது மெய்தான். ஆனால் ஊர்க் கண்ணை மூட ஒன்றுமே தேவைப்படுவதில்லை.

நடந்ததாகப் பதிவாகியிருந்தது இவ்வளவே. மெக்கானிக்கின் தங்கையும் அவள் கணவரும் காட்டுப் பாதைகளில் வண்டியோட்டும் குழுவொன்றில் இருந்தனர். ஆற்றைக் கடக்கும்போது அக்குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அளவுக் கோடுகள் இட்ட கம்பை ஊன்றி ஆழம் பார்த்தபடி ஒருவர் முன்னே நடக்க வேண்டும். முதல் வண்டி அவர் பின்னே ஊர்ந்து செல்ல வேண்டும். அக்கரை சேர்ந்து இரண்டு முறை ஒலியெழுப்பும்வரை மற்ற வண்டிகள் வளைவுக்கு அப்பாலேயே காத்திருக்க வேண்டும். அன்று முன்னே நடந்தவள் மனைவி, வண்டியோட்டியவர் கணவர். நடு ஆற்றில் எஞ்சின் நின்றது. காத்திருந்தவர்கள் கேட்டது நீண்டதொரு ஒலி. ஓடி வந்தபோது, அவர் தம் மனைவியை வண்டியின் முன்மூடிமேல் ஏற்றிவிட்டு, வீசிய கயிற்றை அவள் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அவளை இழுத்துக் கரை சேர்த்தனர். கயிறு திரும்பிச் செல்லுமுன், எஞ்சின் நின்ற வண்டியை நீரோட்டம் புரட்டியது. அவர் அதனடியில் இருந்தார்.

"எஞ்சின் நின்னுச்சு. திரும்பிப் பாத்தேன். கால் வழுக்கிடுச்சு," என்று அன்று மாலை அவள் காவலரிடம் சொன்னாள். "காத்துக் குழாய் கிளாம்ப்பை நான் சரியா இறுக்கலை. அது வழியாத்தான் தண்ணி போயிருக்கு," என்று மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் சொன்னார். நிதானம் பட்டறைக்கு வந்த நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரியின் முன் அதை எழுத்தில் கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். இட்டுவிட்டால் பட்டறை போகும், சிறையும் உறுதி.

அவர் ஒப்புக்கொண்ட நாள் முதல் அண்ணனோடு ஒரு சொல்லும் பேசாத அந்தத் தங்கைதான், நான்கு நாளைக்கு முன் நிதானத்தைத் தேடி வந்தாள். "எஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த 'மட்டும்' நிதானத்தின் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது.

"இந்த எஞ்சினை யாரு தேர்ந்தெடுத்தது?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

"நான்தான். மாப்பிள்ளைக்குப் புதுசா வந்த எஞ்சின் மேலதான் கண்ணு. இதைவிட ரெண்டு மடங்கு குதிரைசக்தி. 'குதிரை வேணும்னா பந்தயத்துக்குப் போங்க மாப்பிள்ளை, காட்டுக்கு எருதுதான் வேணும்'னு சொன்னேன். இது மெதுவாச் சுத்தும்போதே முழு இழுவையும் குடுக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பம்பு தானே டீசலை அடிச்சு விடும். ஒரு தடவை கிளம்பிட்டா, பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போனாலும் ஓடிக்கிட்டே இருக்கும்." அவர் குரலில் ஒரு கணம் பழைய பெருமிதம் எட்டிப் பார்த்தது. "'மச்சான், நீங்க எஞ்சின் மாட்டுனீங்களா, மாவு மில்லு மாட்டுனீங்களா'ன்னு கேலி பண்ணுவாரு. ஆனா முதல் தடவை மலையேறிட்டு வந்து, பேசாம என் கையைப் புடிச்சுக்கிட்டாரு."

"எங்க வேனும் இதே ரகம்தான்," என்றாள் பட்டாசு. "சாவியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாலும், 'நீ போம்மா, நான் வரலை'ன்னு உறுமிக்கிட்டே நிக்கும். ஸ்டாப்பரை இழுத்தாத்தான் அடங்கும்."

மெக்கானிக் எழுந்தார். "குடிக்கத் தண்ணி கொண்டாறேன்," என்று சொல்லி வெளியே சென்றார்.

"தண்ணிக் குடம் இங்கயே இருக்கு," என்றாள் பட்டாசு மெல்ல.

"பாத்தேன்."

நிதானம் நசுங்காத பக்கத்துக் கதவைத் திறந்து, வண்டியினுள் எட்டிப் பார்த்தார். முன்பலகையில் கறுப்புக் குமிழ் ஒன்று; பட்டாசு சொன்ன ஸ்டாப்பர் அதுவே. அதை வெளியே இழுத்தால், அதனோடு பிணைந்த கம்பி எஞ்சின்வரை சென்று, பம்பின் ஓரத்திலுள்ள சிறு நெம்பைத் திருப்பி டீசலை அடைக்கும். அந்த எஞ்சினை நிறுத்த அது ஒன்றே வழி. குமிழுக்கு மேலே, சிவப்பு வண்ணத்தில், திருத்தமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது: தண்ணீரில் தொடாதே.

"மெக்கானிக் எழுதினதா?"

"வேற யாரு? ஆத்துக்குள்ள எஞ்சினை நிறுத்தினா, புகைக்குழாய் வழியாத் தண்ணி ஏறிடும். அப்புறம் உசுரு வராது. வண்டி வெறும் தகர டப்பா. எங்க வேன்ல 'கை தலை நீட்டாதே'ன்னு எழுதியிருக்கும், இங்க இது." அவள் குனிந்து பார்த்தாள். "குமிழ் உள்ள தள்ளித்தான் இருக்கு சார். அப்ப ஓட்டுனவரு நிறுத்தலை."

"நிதானம். கிளாம்ப்பைப் பாரு."

காற்றுக் குழாயும் எஞ்சினும் சேருமிடத்தில், ரப்பர் குழலைச் சுற்றிய தகட்டுப் பட்டை தளர்ந்து தொங்கியது. பட்டாசு தன் கைவிளக்கை அதனருகே கொண்டு சென்றாள். திருகாணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எல்லா இடத்துலயும் சேறு அப்பியிருக்கு," என்றாள். "திருகாணிப் பள்ளத்துல மட்டும் இல்லை. பளிச்சுன்னு இருக்கு. பட்டை மேல இருந்த சேறும் திருகாணிகிட்ட உடைஞ்சு உதிர்ந்திருக்கு."

"அதாவது?"

"சேறு காஞ்ச பிறகு யாரோ ஸ்குரூ டிரைவர் போட்டுத் தளர்த்தியிருக்காங்க. ஆத்துல இது இறுக்கமாத்தான் இருந்திருக்கு. சார், இவரை எவனோ மாட்டிவிட்டிருக்கான். எதிர்க் கடைக்காரனா இருக்கும்."

"எதிர்ல கடையே இல்லையே."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

நிதானம் எஞ்சினின் மேற்பகுதியைச் சுட்டிக் காட்டினார். காரணம் தேடி மெக்கானிக் முதல் இரண்டு நாளிலேயே கழற்றிய அதன் தலைப்பாகம், துணியில் சுற்றி ஒரு பலகைமேல் வைக்கப்பட்டிருந்தது. திறந்து கிடந்த நான்கு உருளைகளுக்குள் நான்கு பிஸ்டன்கள் தெரிந்தன. அவர் தம் பையிலிருந்து ஓர் இரும்பு அளவுகோலை எடுத்தார்.

"தண்ணியை அமுக்க முடியாது. ஓடுற எஞ்சினுக்குள்ள அது போச்சுன்னா, மேல வர பிஸ்டனுக்கு இடம் இருக்காது. அதைத் தாங்குற தண்டு வளைஞ்சு குட்டையாயிடும். பிஸ்டன் அதுக்கப்புறம் உச்சிக்கு வராது. நீ சுத்து."

பட்டாசு பெரிய ஸ்பானர் ஒன்றைக் கீழ்ச்சக்கரத்தில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றினாள்; ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி சில விரற்கடை முன்னே ஊர்ந்தது. பிஸ்டன்கள் காய்ந்த சேற்றை உதிர்த்தபடி ஒவ்வொன்றாக மேலேறின. நிதானம் ஒவ்வொன்றின் குறுக்கேயும் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முதலாவது விளிம்போடு விளிம்பாக நின்றது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதும் நான்காவதும் மயிரிழையும் தாழவில்லை.

"நாலும் ஒரே உயரம்," என்றாள் பட்டாசு, மூச்சு வாங்க. "எங்க வேன்ல ஒரு நாளாவது நாலு பேர் இப்படி ஒழுங்கா நின்னதில்லை."

"ஒரு தண்டும் வளையலை. தண்ணி உள்ள போனப்போ எஞ்சின் ஓடலை. அது அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு."

"டீசல் தீந்திருந்தா?"

"டேங்கில பாதி இருக்கு. உள்ள வரும்போதே தட்டிப் பாத்தேன்."

"கரண்டு போயிருந்தா? சேச்சே, இதுக்குத்தான் கரண்டே வேணாமே." அவள் நிமிர்ந்தாள். "அப்ப ஸ்டாப்பரை இழுத்திருக்கணும். ஆனா குமிழ் உள்ள இருக்கே."

நிதானம் குனிந்தார். குமிழிலிருந்து புறப்பட்ட கம்பியை விரலால் தொடர்ந்து சென்று, எஞ்சினின் பக்கவாட்டில், பம்பின் ஓரத்தில் நிறுத்தினார். கட்டைவிரல் அளவான அந்த நெம்பு, முழுமையாகத் திரும்பி, அடைப்பு நிலையில் நின்றது. குமிழ் 'ஓடு' என்றது. நெம்பு 'நில்' என்றது. இடையே கம்பி, மண் அடைத்த உறைக்குள் சிக்கி, பம்பின் அருகே வளைந்து புடைத்திருந்தது.

"இழுத்தது இழுத்தபடி அங்க இருக்கு," என்றார். "மண் அடைச்ச பிறகு யாரோ குமிழை மட்டும் திரும்பத் தள்ளியிருக்காங்க. கம்பி வளைஞ்சுது, நெம்பு அசையலை. உள்ள போய் கியரைப் பாரு."

பட்டாசு தலையை நுழைத்துப் பார்த்தாள். அடுத்து அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணாவது கியர். அதுலயும் லோ கியர்ல இருக்கு. சார்... தண்ணிக்குள்ள நனைஞ்ச பிரேக் பிடிக்காது. மழைக்காலத்துல எனக்குத் தெரியும். உடனே வண்டி நிக்கணும்னா, கியர்ல வச்சபடி எஞ்சினைக் கொன்னாத்தான் சக்கரம் இறுகும். வண்டிக்கு முன்னாடி ஆள் விழுந்துட்டா..." அவள் முடிக்கவில்லை.

முன்னே நடந்தவள் யார் என்பதை இருவரும் அறிவர்.

"அந்தம்மா மாத்திச் சொல்லியிருக்காங்க," என்றாள். "எஞ்சின் நின்னதால விழலை. விழுந்ததால எஞ்சின் நின்னிருக்கு."

"வண்டியை ஆத்துலேருந்து எடுத்த கிரேன்காரர் நம்பர் இருக்கா?"

இருந்தது. பட்டாசு அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கினாள்.

"அந்த வண்டியா? மறக்க முடியுமாம்மா," என்றது கரகரத்த குரல். "மறுநாள் காலையில நிமித்தி வச்சு, சுத்தாத சக்கரத்தோடயே கரைக்கு இழுத்தோம். ஸ்டியரிங்கை யாராவது புடிக்கணும்ல, நம்ம ஆளை ஏறச் சொன்னேன். அந்தப் பொண்ணு விடலை. 'நான்தான் உக்காருவேன்'னுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? பாவம், கரைக்கு வந்த பிறகும் இறங்கலை. கால்மணி நேரம் அப்படியே உக்காந்துருந்துச்சு. ஏம்மா, எதுனா பிரச்சினையா?"

"இல்லண்ணே. இருந்ததுதான் தீருது," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள் பட்டாசு.

நிதானம் அளவுகோலைத் துடைத்துப் பையில் வைத்தார். நான்கு மணிக்கு வரும்படி மெக்கானிக்கின் தங்கையிடம் முன்னரே சொல்லியிருந்தார். கதவருகே நிழல் விழுந்தது.

அவள் உள்ளே வந்தாள். பின்னாலேயே, கையில் வெற்றுச் செம்போடு மெக்கானிக் வந்தார். தங்கையைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒருவரையொருவர் பாராதிருக்கப் பெரிதும் சிரமப்பட்டனர்.

"இந்த வண்டியில ரெண்டு பொய் இருக்கு," என்றார் நிதானம். "ஒண்ணு, எஞ்சின் நல்லாத் தெரிஞ்சவர் சொன்னது. இன்னொண்ணு, தெரியாதவங்க சொன்னது. தெரிஞ்சவர் கிளாம்ப்பைத் தளர்த்தி, தன் தலையில பழியைப் போட்டுக்கிட்டாரு. தெரியாதவங்க குமிழைத் தள்ளிட்டு, அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டாங்க."

பட்டாசு திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தாள். இவரை மாட்டிவிட்டவர் இவரேதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், வேணாம்," என்றார் மெக்கானிக். "கிளாம்ப்புன்னே எழுதிடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். அது ஏன் நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. எங்கிட்ட பேசலைன்னாப் பரவாயில்லை, என்னைச் சபிச்சாப் பரவாயில்லை. தன்னாலதான்னு தெரிஞ்சா, அவ எப்படி சார் இருப்பா?"

சொல்லி முடித்த பின்னரே, அவள் அங்கே நிற்பது நினைவுக்கு வந்தவரைப் போல வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து வாரம் காத்த இரகசியம், காக்கப்பட வேண்டியவளின் காதிலேயே விழுந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள் தங்கை.

மெக்கானிக் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டப்போ, எஞ்சின் நின்ன பிறகுதான் விழுந்தேன்னு நிஜமா நினைச்சேன். தண்ணியைக் குடிச்சிருந்தேன், ஒண்ணும் ஒழுங்கா ஞாபகம் இல்லை. மறுநாள் அவர் சீட்டுல உக்காந்தேன். குமிழ் வெளியே இருந்துச்சு. நீ எழுதி வச்ச எழுத்துக்குக் கீழயே." அவள் நாவால் உதட்டை நனைத்துக்கொண்டாள். "அவர் ஒரு தடவைகூட உன் பேச்சை மீறினதில்லைண்ணா. வீட்டுல டேப்ல தண்ணி புடிக்கும்போதுகூட 'தண்ணீரில் தொடாதே'ன்னு உன்னை மாதிரியே பேசிக் காட்டுவாரு. அதை இழுத்திருக்காருன்னா, எதுக்கு இழுத்தாருன்னு எனக்குத் தெரியாதா? பாக்க முடியலை. உள்ள தள்ளிட்டேன். எல்லாரும் எஞ்சின் கோளாறுன்னாங்க, சரின்னு இருந்துட்டேன். அப்புறம் நீ போய் ஒத்துக்கிட்டே."

"நீ பேசாததுக்கு, என்மேல கோவம்னு நினைச்சேன்."

"உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை." அவள் நிதானத்தின் பக்கம் திரும்பினாள். "உண்மையைச் சொல்லப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன் சார். வாய் வரலை. அதான் உங்ககிட்ட வந்தேன். என் வாயால வராதது உங்க வாயாலயாவது வரட்டும்னு."

நிதானம் மெக்கானிக்கைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. கிளாம்ப்பைத் தளர்த்தத் தெரிஞ்ச உங்களுக்கு, நெம்பைத் திருப்பி வைக்கத் தெரியாதா? ஒரு விரல் வேலை. அதைச் செஞ்சிருந்தா, நான் பாதி வழியில நின்னுருப்பேன்."

மெக்கானிக் வெற்றுச் செம்பைக் கையில் உருட்டினார்.

"ரெண்டு மூணு தடவை கையைக் கொண்டு போனேன் சார். மாப்பிள்ளை கடைசியாச் செஞ்ச வேலை அது. நான் மாட்டுன எஞ்சின்ல, அவர் கைப்பட்டுத் திரும்பி நிக்குது. அதை எப்படி நான் மாத்துவேன்?"

பட்டாசு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை; ஸ்பானர்கள் அளவு வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன.

தங்கை வண்டியின் நசுங்காத பக்கம் சென்று, உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து அமர்ந்தாள். சிவப்பு எழுத்துகளைச் சிறிது நேரம் வாசித்தாள். பின்பு குமிழைப் பற்றி இழுத்தாள். மண் அரைபடும் ஓசையோடு அது மெல்ல மெல்ல வெளியே வந்தது. பம்பின் அருகே வளைந்திருந்த கம்பி நேராயிற்று. நெம்பு அசையவில்லை, அது அசைய வேண்டிய தேவை இருக்கவில்லை. கம்பியின் இரு முனைகளும் இப்போது ஒன்றையே சொல்லின.

"நாளைக்குக் காலையில நீ கையெழுத்துப் போட வேணாம்," என்றாள் இருக்கையிலிருந்தபடியே. "நான் போய்ச் சொல்றேன்."

"நீ ஒண்டியா எதுக்கும்மா? நானும் கூட வரேன். நானே முதல்ல பேசுறேன், நீ பின்னால இரு."

அவள் மறுத்துத் தலையசைத்தாள். வண்டியின் பின்பகுதியில், யாரோ ஆற்றிலிருந்து எடுத்துப் போட்டு, சேற்றோடு கிடந்த அந்த ஆழம் பார்க்கும் கம்பை நோக்கி அவள் பார்வை சென்றது; நீர்மட்டம் காட்டும் கோடுகளுள் மேலிருந்த இரண்டு மட்டும் மங்காதிருந்தன.

"இல்லண்ணா. ஆழம் பாக்கிறவதான் முன்னால போகணும்."

மெக்கானிக் செம்பைக் கீழே வைத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு, ஐந்து வாரமாகப் பாராதிருந்த பக்கத்துக்கு வந்தார். நசுங்கிய கதவின்மேல் இரு கைகளையும் ஊன்றி, தலை கவிழ்ந்து நின்றார். உடைந்த கண்ணாடி வழியே அவள் தன் கையை நீட்டி, அவருடைய தலைமேல் வைத்தாள்.

நிதானம் ஓசைப்படாமல் வெளியேறினார். பட்டாசு அவர் பின்னே வந்து, துருப்பிடித்த கதவை மூடப்போனவள், மூடாமல் விட்டுவிட்டாள்.